லாக் வரி தொலையாமல் போய்ச் சேர: சர்வரிலிருந்து அனலிடிக்ஸ் தளம் வரை முழுமையான வழிகாட்டி

அந்த இரவு ஆர்டர்கள் பாதியில் நின்றுகொண்டிருந்தன. டாஷ்போர்டைத் திறந்தால் எரர் எண்ணிக்கை பூஜ்யம், எல்லாம் பச்சை. சர்வருக்குள் நேரே போய், நடப்பதையெல்லாம் அப்ளிகேஷன் வரி வரியாகக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தபோதுதான் ஆயிரக்கணக்கான எரர் வரிகள் வரிசையாகக் கிடப்பது தெரிந்தது. அவற்றில் ஒன்றுகூட, லாக்கைத் தேடிப் பார்ப்பதற்கான அனலிடிக்ஸ் தளத்துக்கு வந்து சேரவில்லை. காரணத்தை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றில் உறுதி. சிஸ்டம் உடையும் நாளில்தான் லாக் வரிகள் பெருகும், நீளும், வடிவம் மாறும். அதே நாளில்தான் அவை நமக்குத் தேவையும் படும். சர்வரிலிருந்து தளத்துக்கு லாக்கைக் கொண்டுபோகும் பைப்லைனை அந்த நாளுக்காகத்தான் கட்ட வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: சர்வரில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததை எப்படி எண்ணிக் காட்டுவது?

எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொள்ளும் அமைப்பு இது. ஒவ்வொரு சர்வரிலும் ஃப்ளூயன்ட் பிட் என்ற ஏஜென்ட் லாக்கைப் பொறுக்கும். நடுவில் காஃப்கா தேக்கி வைக்கும். லாக்ஸ்டாஷ் பிரித்துச் சுத்தம் செய்யும். கடைசியில் அனலிடிக்ஸ் தளமான ஓபன்சர்ச்சில் போய் விழும். உங்களிடம் வெக்டர், கிளிக்ஹவுஸ், லோகி என்று வேறு கருவிகள் இருக்கலாம். பெயர்கள் மாறினாலும் வரி தொலையும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதல் படி: கேள்விகளையும் கணக்கையும் எழுதி வையுங்கள்

கருவியை நிறுவும் முன் ஒரு தாளில் ஐந்தாறு கேள்விகளை எழுதுங்கள். "இந்த ஆர்டர் எங்கே நின்றது?", "நேற்று மதியம் எந்த சர்வீஸ் மெதுவானது?", "இந்தக் கணக்கில் யார், எப்போது உள்ளே வந்தார்?" என்பது போல. எந்தக் கேள்விக்கும் உதவாத லாக் ஒன்று இருந்தால் அதை அனுப்ப வேண்டியதில்லை. பிழை தேடுவதற்காக மட்டும் எழுதப்படும் டீபக் அளவிலான வரிகளை உற்பத்திச் சூழலில் முழுதாக அனுப்பும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். தேவையான வரியைத் தேடும்போது அந்தக் குப்பைதான் முன்னால் வந்து நிற்கும்.

பிறகு கணக்கு. 50 சர்வர்கள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 100 வரிகள், வரிக்குச் சராசரி 500 பைட் என்று வையுங்கள். மொத்தம் விநாடிக்கு 5,000 வரிகள், 2.5 எம்பி. ஒரு நாளைக்கு 216 ஜிபி. காஃப்காவில் 3 பிரதிகளோடு 3 நாள் தேக்கினால், சுருக்காத நிலையில் 1,944 ஜிபி. பின்னால் வரும் முடிவுகளெல்லாம் இந்த எண்களிலிருந்தே பிறக்கும். உங்கள் எண்களை ஊகிக்காமல், ஒரு வேலை நாளின் லாக் ஃபைல்களின் அளவைக் கூட்டிப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டாம் படி: எழுதும் இடத்திலேயே வரியைச் சரிசெய்யுங்கள்

பைப்லைனில் பின்னால் செலவாகும் உழைப்பில் பாதி, முன்னால் அப்ளிகேஷன் ஒழுங்காக எழுதாததால் வருவது. ஒவ்வொரு நிகழ்வையும் ஒரே வரியில், புலத்தின் பெயரும் மதிப்பும் ஜோடியாக வரும் ஜேசான் வடிவில் எழுதச் சொல்லுங்கள். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருந்தால் 1.11.8 பதிப்பிலிருந்தே லாக் வடிவத்தில், மேற்கோள் போன்ற குறிகளைப் பாதுகாப்பாக மாற்றி எழுதும் ஜேசான் எஸ்கேப் வசதி இருக்கிறது. அதைப் போடாமல் கையால் ஜேசான் அமைத்தால், யாராவது ஒருவரின் பிரவுசர் பெயருக்குள் வரும் ஒரு மேற்கோள் குறி அந்த வரியையே உடைத்துவிடும்.

நேரத்தை எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், மில்லிசெகண்டோடு, ஆண்டு முதல் முழுதாக எழுதுங்கள். லாக்கை நெட்வொர்க்கில் அனுப்பும் சிஸ்லாக் முறையின் பழைய வடிவத்தை 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விவரிக்கிறது. அதில் ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. டிசம்பர் 31 நள்ளிரவைத் தாண்டி வரும் வரியை எந்த ஆண்டில் போடுவது என்று பெறும் பக்கம் ஊகிக்க வேண்டியிருக்கும். 2009-ல் வந்த ஆர்எஃப்சி 5424 இரண்டையும் சரிசெய்துவிட்டது. நெட்வொர்க் கருவிகளிலிருந்து சிஸ்லாக் வாங்குவதாக இருந்தால் புதிய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். யுடிபி 514 போர்ட்டை விட்டுவிட்டு டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு வழியாக 6514-க்கு மாறுங்கள். யுடிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ட்ரேஸ் அடையாளம் இருக்கட்டும். ஒரு ஆர்டர் நான்கு சர்வீஸ்களைக் கடந்து போனால் நான்கிலும் அதே அடையாளம் பதிவாக வேண்டும். அது இல்லாவிட்டால், தளத்தில் வரிகள் எல்லாம் வந்து குவிந்திருந்தாலும் ஒன்றோடொன்றைக் கோக்க நூல் இருக்காது.

மூன்றாம் படி: ஏஜென்ட், அதிகம் தொலையும் இடம்

ஃப்ளூயன்ட் பிட்டின் டெய்ல் இன்புட், லாக் ஃபைலின் கடைசியைப் பிடித்துக்கொண்டு புது வரிகளைப் படிக்கும். பார்க்க எளிமையானது. ஆனால் அதன் இயல்பு அமைப்புகள் பல, வரிகளைக் கைவிடும் பக்கமாகச் சாய்ந்தவை. ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் எதுவரை படித்தது என்ற நினைவு. டிபி என்ற அமைப்பில் ஒரு ஃபைல் பாதையைக் கொடுத்தால், ஒவ்வொரு லாக் ஃபைலிலும் படித்து முடித்த இடத்தை ஒரு சிறு எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் அது குறித்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால், ஏஜென்ட் நின்று திரும்பக் கிளம்பும்போது ஃபைலின் கடைசியிலிருந்து தொடங்கும். நடுவில் எழுதப்பட்டவை போனதுதான். கன்டெய்னரில், அதாவது மெஷினுக்குள் தனிப்பெட்டி போல ஓடும் சூழலில், ஏஜென்ட்டை ஓட்டுகிறவர்கள் இந்த டிபி ஃபைலைக் கன்டெய்னருக்குள்ளேயே வைத்துவிடுவதும் உண்டு. கன்டெய்னர் அழியும்போது நினைவும் அழியும். அதை ஹோஸ்ட் மெஷினின் டிஸ்கில் வையுங்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன இரவு. டெய்ல் இன்புட்டில் ஒரு வரிக்கான பஃபரின், அதாவது படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தின், உச்ச அளவு இயல்பாக 32 கேபி. ஒரு வரி அதைவிட நீண்டால், ஸ்கிப் லாங் லைன்ஸ் என்ற அமைப்பை இயக்கியிருக்காத நிலையில், ஏஜென்ட் அந்த ஃபைலைக் கவனிப்பதையே நிறுத்திவிடும். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கும் நடத்தைதான் இது, நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அன்று தோல்வியடைந்த ஒரு கோரிக்கையின் முழு உடலையும் அப்ளிகேஷன் ஒரே வரியாக எழுதியது. அந்த ஒரு நீள வரியோடு ஏஜென்ட் ஃபைலைக் கைவிட்டது. பின்னால் வந்த சின்னச் சின்ன எரர்களும் சேர்ந்து போயின. ஆகவே பஃபர் அளவை 256 கேபி அல்லது 512 கேபிக்கு உயர்த்துங்கள். ஸ்கிப் லாங் லைன்ஸை இயக்கி வையுங்கள். ஒரு நீள வரி போனாலும் ஃபைல் போகாது. கூடவே அப்ளிகேஷன் பக்கத்தில், ஒரு புலத்தின் நீளம் இத்தனை கேபியைத் தாண்டினால் வெட்டு என்று எழுதுங்கள்.

அடுத்தது லாக் ரொட்டேஷன், அதாவது வளர்ந்த ஃபைலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்குவது. லாக்ரொட்டேட் கருவியில் இரண்டு வழிகள் உண்டு. கிரியேட் வழியில் பழைய ஃபைலின் பெயர் மாற்றப்பட்டு, புது ஃபைல் உருவாகி, அப்ளிகேஷனுக்குச் சிக்னல் போகும். காப்பி-ட்ரங்கேட் வழியில் ஃபைலை நகலெடுத்துவிட்டு, மூல ஃபைலை அங்கேயே காலியாக்கும். நகலெடுப்பதற்கும் காலியாக்குவதற்கும் இடையில் இருக்கும் கணத்தில் எழுதப்பட்ட வரிகள் எங்கேயும் இருக்காது. ஏஜென்ட் இன்னும் படிக்காத வரிகளும் மூல ஃபைலிலிருந்து மறைந்துவிடும். முடிந்தவரை கிரியேட் வழியையே பயன்படுத்துங்கள். பழைய ஃபைலை உடனே சுருக்காமல் அடுத்த சுற்றுவரை விட்டுவைக்கும் டிலே கம்ப்ரஸ் அமைப்பையும் சேருங்கள். ஃப்ளூயன்ட் பிட், ரொட்டேட் ஆன ஃபைலை இயல்பாக 5 விநாடிதான் கையில் வைத்திருக்கும். நெரிசலான நேரத்தில் அது போதாது. 60 என்று மாற்றினால் நிம்மதி.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் இது இன்னும் கூர்மையாகும். அதன் சார்பில் ஒவ்வொரு மெஷினிலும் ஓடும் குபெலெட், ஒரு கன்டெய்னர் லாக்கை இயல்பாக 10 எம்பி ஆனதும் ரொட்டேட் செய்து, 5 ஃபைல்களைத்தான் வைத்துக்கொள்ளும். விநாடிக்கு 1 எம்பி எழுதும் ஒரு பாட் (கன்டெய்னர் தொகுதி) இருந்தால், ஒரு நிமிடத்துக்குள் பழைய ஃபைல் அழிந்துவிடும். ஏஜென்ட் அந்த நேரத்தில் அப்கிரேட் ஆகிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதிகம் எழுதும் சர்வீஸ்கள் ஓடும் மெஷின்களில் இந்த இரண்டு எண்களையும் உயர்த்திவிடுங்கள். லினக்ஸின் சிஸ்டம்டி ஜர்னல் வழியாக லாக் எடுக்கிறவர்களுக்கும் இதே போன்ற ஒரு வரம்பு உண்டு. ஒரு சர்வீஸ் 30 விநாடிக்குள் 10,000 செய்திகளைத் தாண்டினால், மிச்சத்தை ஜர்னல்டி இயல்பாகவே கைவிட்டு, எத்தனை விடுபட்டன என்று ஒரு வரி மட்டும் எழுதும்.

பல வரிகளில் வரும் எரர்களுக்கும் ஒரு வார்த்தை. எரர் எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஜாவா ஸ்டாக் ட்ரேஸ் ஒன்று 60 வரி வரும். ஒவ்வொன்றும் தனி நிகழ்வாகப் போனால் எந்த வரி எந்த எரருடையது என்று யாருக்கும் புரியாது. ஃப்ளூயன்ட் பிட்டில் ஜாவா, பைத்தான், கோ மொழிகளுக்கான பல வரிகளை ஒரே நிகழ்வாக ஒட்டும் மல்ட்டிலைன் பார்சர்கள் உள்ளேயே இருக்கின்றன. அவற்றை ஏஜென்ட்டிலேயே இயக்குங்கள். காஃப்காவைத் தாண்டிய பிறகு ஒட்ட நினைத்தால், வெவ்வேறு பார்ட்டிஷனில் (காஃப்கா தரவைப் பிரித்து வைக்கும் பகுதி) விழுந்த துண்டுகளைச் சேர்ப்பது பெரும்பாடு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் தன் பங்குக்கு, 16 கேபிக்கு மேலான வரியைத் துண்டாக்கியே எழுதும். அந்தத் துண்டுகளை ஒட்டுவதற்கு டாக்கர், சிஆர்ஐ பார்சர்கள் தனியாக உண்டு.

மூன்றாம் படியில் கடைசியாக, தேக்கம். இயல்பாக ஃப்ளூயன்ட் பிட் மெமரியில்தான் தேக்கும். ஸ்டோரேஜ் டைப் என்பதை ஃபைல்சிஸ்டம் என்று மாற்றுங்கள். நம் கணக்குப்படி ஒரு சர்வர் விநாடிக்கு 50 கேபி எழுதுகிறது. மணிக்கு 180 எம்பி, 4 மணி நேரத்துக்கு 720 எம்பி. 1 ஜிபி ஒதுக்கினால் நான்கு மணி நேரத் தடங்கலைத் தாங்கும். அந்த உச்ச வரம்பையும் எழுதிவிடுங்கள், இல்லையேல் லாக் தேக்கமே டிஸ்கை நிரப்பி அப்ளிகேஷனைக் கொல்லும். ரீட்ரை லிமிட் என்ற எண் இயல்பாக 1. அதாவது ஒரு முறை திரும்ப முயன்று தோற்றால் அந்தத் தொகுதியைத் தூக்கிப் போட்டுவிடும். டிஸ்கில் தேக்கிவிட்டு ஒரே முயற்சியில் கைவிடுவதில் அர்த்தமே இல்லை. வரம்பில்லாமல் முயலும்படி மாற்றுங்கள்.

நான்காம் படி: நடுவில் காஃப்கா

லிங்க்ட்இன்னில் பிறந்து 2011-ல் திறந்த மூலமாக வெளிவந்த காஃப்கா, இங்கே செய்யும் வேலை ஒன்றுதான்: அனுப்பும் பக்கத்தையும் வாங்கும் பக்கத்தையும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் பிரித்துவைப்பது. ஓபன்சர்ச் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டாலும் சர்வர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

பத்துப் பதினைந்து சர்வர்தான் இருக்கிறது என்றால் காஃப்கா வேண்டாம் என்பேன். ஏஜென்ட்டின் டிஸ்க் தேக்கமே போதும். காஃப்காவைப் பராமரிப்பது தனி வேலை, அதற்கு ஆள் வேண்டும்.

வைப்பதாக இருந்தால் பிரதிகள் 3, ஒத்திசைந்த பிரதிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை 2, அனுப்புகிறவர் எதிர்பார்க்கும் ஒப்புதல் ஆல், அதாவது ஒத்திசைந்த பிரதிகள் அனைத்தும் பெற்ற பிறகே. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஒரு புரோக்கர், அதாவது காஃப்கா சர்வர், விழுந்தாலும் வரி நிற்கும். தக்கவைக்கும் காலம் இயல்பாக 168 மணி, அதாவது 7 நாள். முதல் படியின் கணக்கு 3 நாளுக்கானது, அதற்கேற்ப மாற்றுங்கள். ஒரு செய்தியின் உச்ச அளவு இயல்பாக 1 எம்பியை ஒட்டியது. ஏஜென்ட்டில் வைத்த வரி வரம்பு அதற்குள்ளேயே இருக்கட்டும். எந்தப் பார்ட்டிஷனுக்குப் போவது என்று தீர்மானிக்கும் சாவியாக சர்வீஸ் பெயரை வைக்காதீர்கள். ஒரு சர்வீஸ் மட்டும் எரர் மழை பொழியும் நாளில் ஒரே பார்ட்டிஷன் திணறும், மற்றவை சும்மா இருக்கும். சாவியே இல்லாமல் பரவ விட்டால் போதும். வரிசையை நேரத்தையும் ஃபைல் ஆஃப்செட்டையும் (ஃபைலில் வரி தொடங்கும் இடம்) வைத்துப் பின்னால் கட்டிக்கொள்ளலாம்.

தேங்கியது எவ்வளவு நேரத்தில் வடியும் என்றும் பாருங்கள். இரண்டு மணி நேரத் தடங்கலில் 3.6 கோடி வரிகள் சேரும். உங்கள் லாக்ஸ்டாஷும் ஓபன்சர்ச்சும் விநாடிக்கு 7,500 வரி வாங்கக் கூடியவை என்றால், புதிதாக வரும் 5,000 போக மிஞ்சுவது 2,500. பழைய பாக்கி தீர 4 மணி நேரம் ஆகும். வாங்கும் திறன் 10,000 என்றால் 2 மணி நேரம். சராசரி வரத்தைப் போல இரண்டு மடங்கு திறன் என்பது ஆடம்பரமாகத் தோன்றலாம், பாக்கியில் உட்கார்ந்திருக்கும் அன்று அப்படித் தோன்றாது.

ஐந்தாம் படி: பிரித்தல், மறைத்தல், பழுதான வரியைக் காத்தல்

லாக்ஸ்டாஷ் காஃப்காவிலிருந்து எடுத்து, பிரித்து, ஓபன்சர்ச்சுக்கு எழுதும். இங்கே அதிகம் பேசப்படாத ஓட்டை ஒன்று உண்டு. காஃப்கா இன்புட், எதுவரை வாங்கினேன் என்பதை இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை தானாகவே பதிவு செய்துவிடும். லாக்ஸ்டாஷின் உள் வரிசையோ இயல்பாக மெமரியில் இருக்கிறது. வாங்கியாயிற்று என்று காஃப்காவிடம் சொல்லிவிட்ட வரிகள் மெமரியில் இருக்கும்போது புராசஸ் செத்தால், அவை திரும்ப வராது. வரிசை வகையைப் பெர்சிஸ்டட் என்று மாற்றுங்கள், அப்போது அது டிஸ்கில் இருக்கும். வெக்டர் பயன்படுத்துகிறவர்கள் அக்னாலெட்ஜ்மென்ட் அமைப்பை இயக்கினால், போய்ச் சேர்ந்த பிறகே அது காஃப்காவிடம் பதிவு செய்யும்.

நேரத்தைப் பிரிக்கும் டேட் ஃபில்டரை விழிப்போடு அமையுங்கள். வரிக்குள் இருக்கும் நேரம் பிரியவில்லை என்றால், அந்த நிகழ்வுக்கு லாக்ஸ்டாஷ் வாங்கிய நேரமே டைம்ஸ்டாம்ப்பாக நின்றுவிடும். இரண்டு மணி நேரப் பாக்கி வடியும்போது, பழைய எரர்கள் எல்லாம் இப்போது நடப்பவை போல வரைபடத்தில் எழும்பும். இல்லாத புதுப் பிரச்சினையை நாலு பேர் தேடுவார்கள். பிரியாத வரிகளில் லாக்ஸ்டாஷ் தானாகவே ஒரு டேக் ஒட்டும். அந்த டேக் உள்ளவற்றைத் தனி இன்டெக்ஸுக்கு (ஓபன்சர்ச்சில் ஆவணங்களின் தொகுப்பு) திருப்பிவிடுங்கள். மூல வரியை அப்படியே ஒரு புலத்தில் வைத்திருங்கள். பிரிக்க முடியாத வரியை அழிக்கும் விதியை மட்டும் எழுதிவிடாதீர்கள். வடிவம் மாறிய வரிதான் பெரும்பாலும் புதிதாக நடந்த ஒன்றைச் சொல்லும்.

இனி மறைத்தல். 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் அனைவரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டது நினைவிருக்கலாம். ஹேஷ் ஆகும் முன்பே, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாறும் முன்பே, பாஸ்வேர்டுகள் உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்ததே காரணம். இப்படிப்பட்டவை காஃப்காவுக்குள் நுழைந்தால் மூன்று பிரதிகளாக, தக்கவைக்கும் காலம் முழுவதும் கிடக்கும். அதனால் பாஸ்வேர்டு, டோக்கன், கார்டு எண் ஆகியவற்றை ஏஜென்ட்டிலேயே வெட்டுங்கள். அப்ளிகேஷனிலேயே எழுதாமலிருந்தால் அதைவிட நல்லது. எவற்றை நீக்குவது என்று பட்டியல் போடாமல், எவற்றை அனுமதிப்பது என்று பட்டியல் போடுங்கள். நாளை யாரோ சேர்க்கப்போகும் புலத்தின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. தொலைபேசி எண்ணை வெறும் ஹேஷ் செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பத்து இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம் கோடிதான், எல்லாவற்றையும் ஹேஷ் செய்து பொருத்திப் பார்ப்பது பெரிய வேலையில்லை. ரகசியச் சாவியோடு கூடிய ஹேஷான எச்மேக் பயன்படுத்துங்கள். ஒரே ஆளின் வரிகளை இணைக்கவும் முடியும், ஆள் யார் என்றும் வெளிவராது.

வரம்பில்லாமல் திரும்ப முயலச் சொன்னோம், ஆகவே ஒரே வரி இரண்டு முறை வருவது இயல்பு. அதற்குத் தீர்வு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் மாறாத அடையாளம். ஹோஸ்ட் பெயர், ஃபைல் பாதை, ஃபைலில் அந்த வரி தொடங்கும் ஆஃப்செட், நேரம், மூல வரி ஆகிய ஐந்தையும் சேர்த்து லாக்ஸ்டாஷின் ஃபிங்கர்பிரின்ட் ஃபில்டரில் ஷா 256 ஹேஷ் போட்டு, அதையே ஓபன்சர்ச் ஆவணத்தின் ஐடியாக வையுங்கள். ஆஃப்செட்டையும் பாதையையும் வரியோடு சேர்த்தனுப்ப ஃப்ளூயன்ட் பிட்டிலேயே அமைப்பு இருக்கிறது. ஆஃப்செட் எதற்கு என்றால், ஒரே மில்லிசெகண்டில் ஒரே மாதிரியான இரண்டு எரர்கள் உண்மையாகவே வரலாம், அவற்றை ஒன்றாக்கிவிடக் கூடாது. நேரம் எதற்கு என்றால், ரொட்டேஷனுக்குப் பிறகு அதே பெயரில் அதே ஆஃப்செட் மறுபடி வரும்.

ஆறாம் படி: தளத்தில் இறக்குதல்

ஓபன்சர்ச்சில் முதலில் மேப்பிங், அதாவது எந்தப் புலம் எந்த வகை என்ற வரையறை. எழுதத் தொடங்கும் முன்பே டெம்ப்ளேட் போட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் முதலில் வரும் வரியைப் பார்த்து அது தானே வகையைத் தீர்மானிக்கும். பயனர் அடையாளம் என்ற புலத்தில் முதலில் 4471 வந்தால் அது எண் என்று முடிவாகிவிடும். அடுத்து "கெஸ்ட்" என்று ஒரு சொல் வந்தால் அந்த ஆவணமே நிராகரிக்கப்படும். தேடிப் பொருத்த வேண்டிய அடையாளங்களைக் கீவேர்டு வகையிலும், நீள உரையை டெக்ஸ்ட் வகையிலும் வையுங்கள். ஒரு இன்டெக்ஸில் இயல்பாக 1,000 புலங்கள்தான் அனுமதி. ஆர்டர் எண்ணையே புலத்தின் பெயராக எழுதும் ஒரு அப்ளிகேஷன் இருந்தால் அரை மணியில் அந்த வரம்பு நிறையும். தெரியாத புலங்களை இன்டெக்ஸ் செய்யாமல் சேமிக்க மட்டும் செய்யும்படி டைனமிக் அமைப்பை அணைத்து வைப்பது என் வழக்கம்.

பல ஆவணங்களை ஒரே கோரிக்கையில் அனுப்பும் பல்க் முறையில் எழுதும்போது கவனிக்க வேண்டியது: 1,000 ஆவணங்கள் கொண்ட ஒரு கோரிக்கையில் 40 நிராகரிக்கப்பட்டாலும் பதில் 200, அதாவது வெற்றி, என்றே வரும். உள்ளே எரர்ஸ் என்ற புலம் உண்மை என்று இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு ஆவணத்தின் நிலையையும் படிக்க வேண்டும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறவர்கள் தவறும் இடம் இதுதான். லாக்ஸ்டாஷ் அவற்றைப் பிரித்துப் பார்க்கும். 429, அதாவது நெரிசல், என்றால் பொறுத்துத் திரும்ப அனுப்பும். 400, அதாவது ஆவணமே பழுது, என்றால் அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவைக்கும் டெட் லெட்டர் வரிசையில் போடும், ஆனால் அந்த வரிசை இயல்பாக அணைந்திருக்கிறது. அணைந்திருந்தால் அந்த வரிகள் போய்விடும். இயக்குங்கள். வாரம் ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

புது வரிகளைத் தேடலில் தெரியவைக்கும் ரெஃப்ரெஷ் இடைவெளி இயல்பாக 1 விநாடி. லாக்குக்கு 30 விநாடி தாராளம், எழுதும் வேகம் கூடும். ஷார்டு, அதாவது இன்டெக்ஸின் துண்டு, ஒன்று 30 முதல் 50 ஜிபிக்குள் இருக்கட்டும். நாளுக்கு 216 ஜிபி என்றால் 5 முதன்மை ஷார்டுகள். டிஸ்க் 95 சதவீதம் நிறைந்தால் இன்டெக்ஸ்கள் எழுத முடியாதபடி பூட்டப்படும். அதற்கு முன்பே பழையவற்றை அழிக்கும் விதி தானாக ஓட வேண்டும். அழிக்கும் நாளை முதல் நாளே எழுதுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

தளமாகக் கிளிக்ஹவுஸை வைத்திருந்தால், ஒவ்வொரு வரியாக எழுதாமல் ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரியாவது சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் சிறு பாகங்கள் பெருகி எழுதுவதையே மறுக்கும். லோகி லேபிள்களை மட்டுமே இன்டெக்ஸ் செய்வது. அதில் பயனர் அடையாளத்தையோ ட்ரேஸ் அடையாளத்தையோ லேபிளாக்கினால் ஒரே லேபிள்களைக் கொண்ட வரிகளின் தொகுதிகளான ஸ்ட்ரீம்கள் லட்சக்கணக்கில் பெருகி முடங்கும்.

ஏழாம் படி: எண்ணுங்கள், உடைத்துப் பாருங்கள்

இந்தப் படியைச் செய்யாதவரை மேலே செய்தவையெல்லாம் நம்பிக்கைதான். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடட்டும். விநாடிக்கு ஒரு வரி, அதில் ஹோஸ்ட் பெயரும் ஒன்று ஒன்றாக ஏறும் ஒரு எண்ணும். மற்ற லாக்குகள் போகும் அதே ஃபோல்டரில், அதே ரொட்டேஷனுக்குள் அது எழுத வேண்டும். தளத்தின் பக்கத்தில் ஒரு கேள்வி: ஒரு ஹோஸ்டுக்கு, இந்த ஒரு மணி நேரத்தில், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து ஒன்று கூட்டினால் வரும் தொகையும், வந்து சேர்ந்த வெவ்வேறு எண்களின் எண்ணிக்கையும் சமமா? 3,600-க்குப் பதில் 3,588 என்றால், 12 வரி எங்கோ விழுந்திருக்கிறது. எந்த எண்கள் விடுபட்டன என்று பார்த்தாலே எந்த நேரம் என்று தெரியும். அந்த நேரத்தில் ரொட்டேஷன் நடந்ததா, ஏஜென்ட் திரும்பக் கிளம்பியதா என்று நேரே போய்ப் பிடிக்கலாம். மொத்த எண்ணிக்கை வெவ்வேறு எண்களின் எண்ணிக்கையைவிடக் கூடினால், இரட்டிப்பு நடக்கிறது என்று பொருள்.

இதே வரிகளை வைத்துத் தாமதத்தையும் அளக்கலாம். தளம் வாங்கிய நேரத்திலிருந்து வரியில் இருக்கும் நேரத்தைக் கழியுங்கள். சராசரியைப் பார்க்காமல் 95-ஆவது சதமானத்தைப் பாருங்கள். கழித்தால் எதிர்மறை எண் வரும் சர்வரில் கடிகாரம் முன்னால் ஓடியிருக்கிறது.

இதோடு சில அளவுகளையும் கண்ணில் வையுங்கள். ஃப்ளூயன்ட் பிட்டில் எச்டிடிபி சர்வரை இயக்கினால் 2020 போர்ட்டில் எத்தனை வாங்கியது, எத்தனை அனுப்பியது, எத்தனை திரும்ப முயன்றது, எத்தனை கைவிட்டது எல்லாம் கிடைக்கும். காஃப்காவில் கன்சியூமர் லேக், அதாவது இன்னும் வாங்கப்படாத பாக்கி. லாக்ஸ்டாஷில் டெட் லெட்டர் வரிசையின் அளவு. இவற்றுக்கான எச்சரிக்கைகள் இதே பைப்லைன் வழியாக வரக்கூடாது. குழாய் அடைத்தால், அடைத்தது என்ற செய்தியும் அதற்குள்ளேயே நிற்கும். ஏஜென்ட்டின் சொந்த எரர் லாக்கை அதே ஏஜென்ட்டே பொறுக்கும்படியும் விடாதீர்கள். அனுப்ப முடியவில்லை என்று அது எழுதும் வரி புது வரியாகி, அதையும் அனுப்ப முடியாமல் இன்னொரு வரி எழுதி, தேக்கம் தன்னால் நிரம்பும்.

பிறகு, உடைப்பது. சோதனைச் சூழலில், வழக்கமான அளவு லாக் ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஏஜென்ட்டைக் கில் 9 (புராசஸை உடனே கொல்லும் கட்டளை) கொடுத்துக் கொன்று, இரண்டு நிமிடம் கழித்துக் கிளப்புங்கள். அது செத்துக் கிடக்கும் நேரத்திலேயே லாக்ரொட்டேட்டைக் கையால் ஓட்டுங்கள். ஏஜென்ட்டின் வரம்பைத் தாண்டி 1 எம்பி நீளத்துக்கு ஒரு வரியை எழுதி, அதற்கு அடுத்த வரி வருகிறதா என்று பாருங்கள். எண் வர வேண்டிய புலத்தில் சொல்லை எழுதி, டெட் லெட்டர் வரிசையில் அது விழுகிறதா என்று பாருங்கள். ஒரு காஃப்கா புரோக்கரை நிறுத்துங்கள். லாக்ஸ்டாஷையும் கில் 9 கொடுத்துப் பாருங்கள், ஐந்தாம் படியில் சொன்ன ஓட்டை அடைபட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

கடைசியாக ஓபன்சர்ச்சை முழுதாக 30 நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்புங்கள். பாக்கி வடியும்வரை காத்திருங்கள். அந்த 30 நிமிடத்துக்கு ஒரு ஹோஸ்டுக்கு 1,800 எண்கள் வர வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை, ஒவ்வொன்றும் எழுதப்பட்ட நேரத்திலேயே. எல்லா ஹோஸ்டுக்கும் 1,800 என்று வந்தபின் உற்பத்திச் சூழலில் இயக்குங்கள். 1,799 என்றால் விடுபட்ட அந்த ஒரு எண்ணின் நேரத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.